கழுத்தறுத்தானும் கத்திரி வெயிலும்

கைபேசியைத் திறந்தால் போதும், யாராவது ஒருவர் கோழி விற்கிறார். "ஒரிஜினல் சிறுவிடை, எந்த வெயிலையும் தாங்கும், நோயே வராது, தீவனச் செலவே கிடையாது." சிறுவிடை என்றால் சின்ன உடம்பு நாட்டுக்கோழி. இந்த விளம்பரத்தைக் கேட்டுவிட்டுக் கடன் வாங்கிக் கொட்டகை போட்டவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அந்த விளம்பரத்தில் வெயில் சமாசாரம் மட்டும் உண்மை. நோய் வராது என்பது பச்சைப் பொய். தீவனச் செலவு கிடையாது என்று, கொல்லையில் எட்டுப் பத்துக் கோழி வைத்திருக்கும் என் மாமியார் சொன்னால் சரி. முந்நூறு கோழியை வேலிக்குள் அடைத்தவர் சொன்னால் நம்பாதீர்கள். வெயில் சமாசாரத்திலும் ஒரு நிபந்தனை உண்டு. அதை விற்கிறவர் யாரும் சொல்வதில்லை. வெயிலை விட்டு ஒதுங்க இடம் இருக்கும்வரைதான் இந்தக் கோழி வெயிலைத் தாங்கும்.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிக்கும் திசையன்விளைக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் களக்காட்டு மலை நீலமாகத் தெரியும். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். குற்றாலத்தில் சாரல் என்று ஊரே கிளம்பிப் போகும் ஆனி, ஆடியில் எங்களுக்கு வருவது காற்றும் புழுதியும்தான். காற்றாலைக்காரர்களுக்கு அது நல்ல காலம். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. மாசியில் குளம் வற்ற ஆரம்பித்தால் சித்திரையில் உடைமரமும் பனையும் தவிர எல்லாம் காய்ந்து கிடக்கும். கத்திரி மே 4 வாக்கில் தொடங்கும். பாளையங்கோட்டையில் 40 டிகிரி என்று செய்தியில் சொல்வார்கள். எங்கள் ஊரில் அளக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மண்ணில் காலங்காலமாக நிற்பது சிறுவிடைதான். பெட்டை ஒன்றரைக் கிலோ வந்தாலே பெரிது, சேவல் இரண்டு கிலோவைத் தொட்டால் அதிகம். மெலிந்த கால், இறுகிய உடம்பு, எப்போதும் எதையோ சந்தேகப்படுகிற கண். கருப்பு, செவலை, சாம்பல், புள்ளி என்று நிறத்துக்குக் கணக்கே இல்லை. பெருவிடை என்பது அசில் வம்சம், சண்டைச் சேவல் சாதி. அது வேறு கதை, அதை வளர்ப்பவர்களும் வேறு ஆட்கள். அங்கே நான் போகவில்லை.

சின்ன உடம்பாக இருப்பது வெயிலுக்குத் தோது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரிக்கு மேல். வெளியிலும் 40 என்றால் சூடு எங்கே போகும்? கொண்டை, தாடி, கால், இறகு இல்லாத அக்குள் ஆகிய இடங்கள் வழியாகக் கொஞ்சம் போகும். மிச்சத்துக்கு வாயைத் திறந்து இரைக்க வேண்டியதுதான். எடைக்குத் தோல் பரப்பு அதிகமாக உள்ள சின்னக் கோழிக்குச் சூட்டை விடுவது எளிது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும் பிராய்லருக்கு அது முடியாது. தின்னும் தீவனமே உள்ளே சூடாக மாறிக்கொண்டிருக்கும். ஒரு மதியம் மின்சாரம் போனால் பண்ணைக்காரர் தலையில் கைவைப்பது அதனால்தான்.

சிறுவிடைக் கூட்டத்திலேயே ஒன்றிரண்டு கழுத்தறுத்தான் இருக்கும். கழுத்தில் ஒரு இறகு இருக்காது. சிவந்த தோல் சுருங்கித் தொங்கும், வெயில் பட்டால் இன்னும் சிவக்கும். முதல்முறை பார்க்கிறவர்களுக்குச் சீக்குப் பிடித்த கோழி என்றுதான் தோன்றும். சென்னையிலிருந்து வந்த என் நாத்தனார் மகள், "இதை யாரு உரிச்சு விட்டா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு முட்டை சாப்பிடவில்லை. எங்கள் தெருவில் நேர்த்திக்கடனுக்கு இதைக் கொடுக்கமாட்டார்கள், விலையும் நூறு இருநூறு குறைத்துத்தான் கேட்பார்கள். எனக்கோ இருப்பதில் பிடித்தது இதுதான். சித்திரை மத்தியானத்தில் மற்றக் கோழிகள் இரைத்துக்கொண்டு கிடக்கும்போது, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்த ஆள் மாதிரி இது குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும்.

இதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணு. கருவில் கழுத்துத் தோல் இறகு முளைப்பதைத் தடுக்கும் ஒரு புரதத்தை இந்த மரபணு மாற்றம் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. 2011-இல் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அந்த மரபணு வந்த கோழிக்கு இறகு ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால் 20 சதவீதம் போலக் குறையும். இதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வந்த கோழிக்குக் கழுத்தின் முன்புறம், மார்புக்குச் சற்று மேலே, ஒரு சின்ன இறகுக் குஞ்சம் இருக்கும். இரண்டு பக்கமும் வந்ததற்குப் பெரும்பாலும் அந்தக் குஞ்சமும் இருக்காது. குஞ்சு பொரித்த அன்றைக்கே கழுத்து வெறுமையாகத் தெரியும், வளரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. குஞ்சம் உள்ள சேவலையும் குஞ்சம் உள்ள பெட்டையையும் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று முழு இறகோடு வரும். எங்கள் அத்தைக்கு மரபணு தெரியாது, ஆனால் இந்த நாலில் ஒன்று கணக்கு தெரியும். "ஒண்ணு மட்டும் சட்டை போட்டு வரும்" என்பாள்.

திருவனந்தபுரம் வட்டாரத்தில் இந்தக் கழுத்தறுத்தான் பழைய காலந்தொட்டு உண்டு. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள், கோழி மட்டும் தாண்டாதா என்ன. உத்தரப்பிரதேசத்தில் இஸத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் இந்த மரபணுவை வைத்து 'ஹிட்காரி' என்று ஒரு கலப்பினமே உண்டாக்கியிருக்கிறது. களக்காட்டு மலையைச் சொன்னதால் இன்னொன்று. நம் வீட்டுக்கோழியின் மூதாதை வடக்கே, கிழக்கே உள்ள செங்காட்டுக்கோழி. ஆனால் பல கோழிகளுக்கு இருக்கும் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் அதனிடமிருந்து வரவில்லை, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. களக்காட்டு மலையை ஒட்டிய முண்டந்துறைக் காட்டில் விடியற்காலை கூவுவது அந்தப் பறவைதான். கொல்லையில் மஞ்சள் கால் கோழியைப் பார்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

சரி, நிழலுக்கு வருவோம்.

கத்திரியில் எங்கள் கோழிகளின் ஒரு நாள் இப்படித்தான் போகும். விடிவதற்கு முன்னால் வேப்பமரத்திலிருந்து இறங்கிவிடும். ஒன்பதரை பத்துவரை காடெல்லாம் மேயும். அப்புறம் ஒவ்வொன்றாக வந்து, நிழலில் சாம்பலும் மண்ணும் கலந்த குழியில் புரளும். குழியின் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளும். நிழல் நகர நகரக் கோழியும் நகரும். பன்னிரண்டு மணிக்கு மரத்தடியில், இரண்டு மணிக்குத் தொழுவத்துச் சுவரின் கிழக்குப் பக்கம், நாலு மணிக்கு மறுபடி மேய்ச்சல். மத்தியானம் இரை போட்டாலும் தின்னாது. தின்றால் செரிக்கிற சூடும் சேரும் என்று அதற்கே தெரிந்திருக்கிறது. நம் ஆட்கள்தான் கைநிறையக் கம்பை வீசி, "தின்னமாட்டேங்குதே, சீக்கோ" என்று கவலைப்படுகிறார்கள்.

இதையெல்லாம் செய்யவிடாத இடத்தில் அதே கோழி சாகும். என் மைனி மகன் ஊருக்கு வெளியே, ஒரு மரம் இல்லாத நிலத்தில், தாழ்வாகத் தகரக் கொட்டகை போட்டு முந்நூறு குஞ்சு வாங்கி விட்டான். குஞ்சு நல்ல குஞ்சுதான், சிறுவிடையேதான். சுற்றிக் கம்பிவலை, உள்ளே பிளாஸ்டிக் தண்ணீர்க் குடுவை, மூட்டைத் தீவனம். கத்திரி பிறந்த வாரத்தில் ஒரு மதியம் கூடை கூடையாக அள்ளிப்போட்டான். வெயிலைத் தாங்கும் என்று சொன்னார்களே என்று அவன் அழாத குறையாகக் கேட்டதற்கு அத்தை சொன்னது: "ஏலே, கோழி வெயில்லயா செத்துச்சு? நீ போட்ட தகரத்துக்குக் கீழல்லா செத்துச்சு." தகரம் வாங்குகிற சூட்டைக் கீழே இறக்கும். உள்ளே இத்தனை கோழியின் மூச்சு ஈரம். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் இரைப்பதால் பயன் இல்லை. இப்போது அவன் தகரத்துக்கு மேலே பனையோலை பரப்பி, சுற்றிலும் அகத்தியும் முருங்கையும் வைத்திருக்கிறான். கோழியையும் நாற்பதாகக் குறைத்துவிட்டான்.

தண்ணீர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. பிளாஸ்டிக் குடுவையில் ஊற்றிய தண்ணீர் பதினொரு மணிக்குச் சுடும். சுடுதண்ணீரைக் கோழி குடிக்காது. வாய் அகன்ற மண்சட்டியை நிழலில் பாதி புதைத்து வைத்தால் தண்ணீர் கசிந்து தானாகவே குளிர்ந்திருக்கும். மரத்துக்கு ஒன்றாக வையுங்கள், பயந்த கோழியும் தண்ணீர் குடிக்கும். இரைத்து இரைத்துக் கரியமில வாயு அதிகம் வெளியேறினால் முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு சரியாகப் படியாது. கத்திரியில் ஓடு மெலிந்து தோல்முட்டையாக வருவது அதனால்தான். கிளிஞ்சல் நொறுக்கிப் போடலாம், நல்லதுதான். ஆனால் முதல் மருந்து நிழலும் குளிர்ந்த தண்ணீரும்.

அடைவைப்பதிலும் வெயில் கணக்கு உண்டு. சிறுவிடை ஒரு தடவைக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 60, 80 முட்டைதான். லெகார்ன் கோழி 300 இடுகிறதே என்பார்கள். இடட்டும், ஆனால் அது அடைக்கு உட்காருவது அபூர்வம். கோடையில் அடைக்கு வைக்கும் முட்டையை வீட்டுக்குள் சும்மா வைத்தால் கெட்டுப்போகும். 27 டிகிரிக்கு மேல் போனாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, நின்று, செத்துவிடும். அடியில் ஈர மணல் போட்ட பானையில் துணி விரித்து, முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கவேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் பழைய முட்டை அடைக்கு ஆகாது, குழம்புக்கு ஆகும். அத்தை அடைக்கூடையில் ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் இரண்டு வற்றல் மிளகாயும் போடாமல் கோழியை உட்காரவிடமாட்டாள், இடி இடித்தால் முட்டை கலங்கிவிடுமாம். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எடுத்துப்போட்டதும் இல்லை.

21 நாளில் பொரிக்கும். அதற்குப் பிறகு தாய் செய்யும் வேலைக்கு எந்த மின்விளக்கும் ஈடாகாது. எதைக் கொத்தலாம், எதைக் கண்டால் ஓடவேண்டும், எந்த நேரம் எந்த நிழல் என்பதையெல்லாம் குஞ்சு தாயைப் பார்த்துத்தான் பழகுகிறது. வைரி மேலே வட்டமிட்டால் தாய் தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுக்கும். அதுவரை சிதறி மேய்ந்த குஞ்சுகள் அடுத்த நொடி வேலிமுள்ளுக்குள் இருக்கும். இன்குபேட்டரில் பொரித்துக் கொட்டகையில் வளர்ந்த குஞ்சுக்கு ரத்தம் அதே ரத்தம்தான், ஆனால் இந்தப் பாடம் நடத்த ஆள் இல்லை. இரண்டு மாதக் குஞ்சாக வாங்கிவந்து கொல்லையில் விட்டால் வெயிலில் நின்றுகொண்டே இரைக்கும், பக்கத்து மரத்தடிக்குப் போகத் தெரியாது. கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குஞ்சுக்கு முதல் வாரத் தீவனம் கறையான். இதற்குக் காசு வேண்டாம். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, பனையோலைத் துண்டு எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, புற்று மண் உள்ள இடமாகப் பார்த்துச் சாயங்காலம் கவிழ்த்து வைத்துவிடவேண்டும். காலையில் திருப்பினால் சாக்கு முழுக்க வெள்ளை வெள்ளையாக மொய்த்துக் கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துத் தட்டிவிடுங்கள், ஏறிவிட்டால் கறையான் உள்ளே இறங்கிவிடும். தாய்க்கோழி முதலில் கொத்திக் காட்டும், தான் தின்னாது. பெரிய கோழிக்குக் குருணை, கம்பு, அடுக்களைக் கழிவு, முருங்கைக் கீரை. மிச்சத்தை அதுவே தேடிக்கொள்ளும்.

வெயிலைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், எங்கள் வீட்டில் வெயிலில் செத்த கோழியைவிட மழையில் செத்த குஞ்சு பல மடங்கு. ஐப்பசி மழையில் கூட்டுத்தரை நனைந்தால் ரத்தக்கழிச்சல் வரும், ஈரமும் குளிரும் சேர்ந்தால் ஒரே இரவில் அத்தனை குஞ்சும் போய்விடும். அதிலும் கழுத்தறுத்தான் குஞ்சுதான் முதலில் ஒடுங்கும், போர்த்திக்கொள்ள அதற்கு இறகு இல்லையே. அதனால் புரட்டாசிக்குப் பிறகு நான் அடைவைப்பதில்லை, தை பிறந்தபிறகுதான். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரையில் ஆடு மாடே மிஞ்சாத ஊர்கள் இருந்தன, கோழியை யார் எண்ணினார்கள்? எங்கள் கொல்லை மேட்டில் இருப்பதால் மரத்தில் அடைந்த கோழிகள் பிழைத்தன.

நோய் வராது என்ற பொய்க்கு வருகிறேன். வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கேட் நோய், சிறுவிடை பெருவிடை பார்க்காது. முந்தின நாள் மேய்ந்த கோழி தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும். தெருவே காலியாகிவிடும். பெரும்பாலும் சந்தைக் கோழியோடுதான் ஊருக்குள் வரும். மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே கூட்டத்தில் விட்டுவிட்டு, "யார் கண் பட்டதோ" என்பார்கள். புதுக்கோழியை இரண்டு வாரமாவது தள்ளிப் பஞ்சாரத்தில் வையுங்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்புமருந்து இருக்கிறது, விலையும் பெரிதில்லை. ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு லசோட்டா மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஆர்2பி ஊசி. சிக்கல் வேறு இடத்தில். ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் மேலான மருந்து இருக்கும். ஐஸில் வைத்தே கொண்டுவரவேண்டும், கரைத்தால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். பத்துக் கோழிக்காரி ஒருத்தி இதற்காக நாங்குநேரிக்கு அலைவாளா? அதனால் நாங்கள் தெருவாகச் சேர்ந்து, முந்தின ராத்திரியே கோழிகளைப் பிடித்து அடைத்துவிட்டு, ஒரு பையனைச் சனிக்கிழமை கால்நடை மருந்தகத்துக்கு அனுப்புகிறோம். பிப்ரவரி முதல் இரண்டு வாரம் அரசு முகாமும் நடக்கும், கோடைக்கு முன் அதைத் தவறவிடக்கூடாது. கொல்லைக் கோழிக்கென்றே இரையோடு கொடுக்கும் குருணை மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. மரத்தில் அடைகிற கோழியை இருட்டில் ஏணி போட்டுப் பிடித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சந்தேகம் இருந்தால் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

முட்டைக்காக மட்டும் வளர்ப்பதென்றால் வனராஜா, கிராமப்ரியா வாங்குங்கள் என்றுதான் நானே சொல்வேன். ஹைதராபாத்தில் கொல்லைக்கென்றே உருவாக்கிய இனங்கள், கவனித்தால் கிராமப்ரியா 200 முட்டைக்கு மேல் இடும். ஆனால் அடைக்கு உட்காராது, ஒவ்வொரு தடவையும் குஞ்சுக்குக் காசு கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். சிறுவிடையில் வரும் காசு கொஞ்சம்தான், அதை வீட்டில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. சிறுவாட்டுப் பானைக்குள் போய்விடும். சித்திரையிலும் ஆடியிலும் சுடலைமாடன் கோவில் கொடைவிழா வந்தால் சேவல் விலை எகிறும், நல்ல கருஞ்சேவலுக்குக் கேட்டதுதான் விலை. என் மூத்தவளின் கல்லூரி விடுதிக் கட்டணத்தில் இரண்டு மாடன் கோவில் சேவலும் அடக்கம்.

விதையைக் காப்பாற்ற எங்கள் பக்கம் வாரம் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெட்டையை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்போம். அவர்கள் அடைவைத்து வளர்ப்பார்கள், குஞ்சில் பாதி அவர்களுக்கு, பாதி நமக்கு. ஏர்வாடிப் பக்கம் மைனி வீட்டில் என் பெட்டை இரண்டு நிற்கிறது. இங்கே கழிச்சல் அடித்துக் கூடு காலியான வருடம், அங்கிருந்துதான் திரும்ப வந்தது. சேவலையும் இப்படித்தான் மாற்றிக்கொள்கிறோம், தகப்பனே மகளோடு சேர்ந்தால் இரண்டு மூன்று தலைமுறையில் குஞ்சு நோஞ்சானாகிவிடும். இப்போது இங்கே நிற்கும் செவலைச் சேவல் மைனி ஊரில் பொரித்தது. அதற்குப் பிறந்த பெட்டைகள் முட்டைக்கு வந்துவிட்டன, ஆடிக் கொடைக்குள் அதை மாற்றியாகவேண்டும். நாங்குநேரி, வள்ளியூர், களக்காடு சுற்றுவட்டாரத்தில் யாரிடமாவது குஞ்சம் உள்ள கழுத்தறுத்தான் சேவல், தடுப்பூசி போட்டது, இருந்தால் சொல்லுங்கள். விலைக்கு வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம்.